‘தாமே கற்றவர்’, ‘சமகாலத்தவர்’: மாஷே – லாங் கண்காட்சியை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

2003ஆம் ஆண்டில் செருமனியின் டியூசல்டார்ஃப் நகரிலுள்ள குன்ஸ்ட் பலாஸ்ட் அருங்காட்சியகத்தில் ஜிவ்யா சோமா மாஷே, ரிச்சர்ட் லாங் ஆகிய இருவரின் படைப்புகள் ஒருசேர வைக்கப்பெற்றன. கண்காட்சியின் பெயர் ‘டயலாக்’, அதாவது, உரையாடல். மாஷே (1934–2018) மகாராட்டிரத்தின் தகாணு வட்டாரத்தைச் சேர்ந்த வார்லி ஓவியர். லாங் 1945இல் பிரிஸ்டலில் பிறந்த ஆங்கிலேயர், நடத்தலையே கலையாக்கியவர். இத்தகைய இணைவுகளைக் குறிக்குங்கால் ஒருவரைத் ‘தாமே கற்ற கலைஞர்’ என்றும் மற்றவரைச் ‘சமகாலக் கலைஞர்’ என்றும் வழங்குவர். இவ்விரு தொடர்களின் பொருத்தத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது தொடர் கல்லூரிப் பயிற்சி இன்மையைக் குறிக்க எழுந்தது. தமிழில் இதனைச் ‘சுயம்புக் கலைஞர்’ என்று பெயர்ப்பாரும் உளர். சுயம்பு எனின் ஆக்கியோன் இன்றித் தானே தோன்றியது என்பது பொருள். ஆயின் வார்லி மரபில் திருமணத்தின்போது சாணமும் மண்ணும் பூசிய சுவரில் அரிசிமாவுக் குழம்பால் சதுரம் வரைந்து, அதனுள் பாலகாட் தேவியை எழுந்தருளச் செய்தோர் சுமங்கலிப் பெண்களே. 1970களின் தொடக்கத்தில் கைவினைத் துறையின் சார்பில் அங்குச் சென்ற பாஸ்கர் குல்கர்ணி காகிதம் வழங்கியபின், சடங்கிற்கு அப்பாலும் வரையும் வழி மாஷேக்குத் திறந்தது. அவர்தம் புதுமை மறுக்கவொண்ணாதது. எனினும் அது பெண்கள் வளர்த்த கோட்டுமொழியின்மேல் எழுந்த புதுமை. ‘தாமே’ என்னும் சொல் கல்லூரியின்மையைச் சுட்டும் அதே வேளையில் அப்பெண்களையும் மறைத்துவிடுகிறது.

இரண்டாவது தொடரின் சிக்கல் வேறு. 2003இல் இருவரும் உயிருடன் இருந்தனர்; இருவரும் படைத்துக்கொண்டிருந்தனர். காலத்தால் இருவரும் சமகாலத்தவரே. ஆகவே, ஒருவர்க்கு மட்டும் அச்சொல்லை வழங்கின், மற்றவர் காலத்திற்குப் புறம்பானவர் என்னும் குறிப்பு தானே அமைந்துவிடும். படைப்புகளோ இக்குறிப்பிற்கு மாறாக நிற்கின்றன. லாங் ஏவன் ஆற்றுச் சேற்றைக் கையால் நேரே சுவரில் பூசுபவர். மாஷேயோ சுவரை விட்டுக் காகிதத்திற்கும் துணிக்கும் பெயர்ந்தவர். மரபுக்குரியதென நாம் கருதும் சுவர் லாங்கிடமும், நவீனத்திற்குரியதென நாம் கருதும் பெயர்த்தகு பரப்பு மாஷேயிடமும் காணப்படுதல் கருதத்தக்கது.

இனி, உரையாடல் என்னும் சொல். 1989இல் பாரிசில் நிகழ்ந்த ‘பூமியின் மந்திரவாதிகள்’ கண்காட்சியில் லாங்கின் மாபெரும் மண்வட்டம் சுவரின் உயரத்திலும், ஆசுத்திரேலியாவின் யுவெந்துமு மக்களின் நிலவோவியம் அதன்முன் தரையிலும் அமைந்தன. இவ்வைப்புமுறை கண்டனத்திற்குள்ளாயிற்று; பல்லோர் ஆக்கம் ஒருவர் ஆக்கத்திற்கு முன்றிலாயிற்று என்பது அதன் சாரம். டியூசல்டார்ஃபில் நிலை திருந்தியது எனலாம். மாஷே இனப்பெயருள் கரையாது தம் பெயராலேயே நின்றார். லாங்கும் அவ்வாண்டில் வார்லி நிலத்திற்குச் சென்று படைப்புகளை ஆக்கினார். ஆயினும் நடந்து சென்று நிலத்தைத் தம் கலைக்குப் பொருளாக்கியவர் லாங். வார்லியர்க்கோ அது உழுது வாழும் நிலம். உரையாடல் என்றால் இருவரும் கேட்கவும் வினவவும் உரிமையுடையோராதல் வேண்டும். அருகருகே வைத்தல் அதற்குரிய களத்தை அமைக்குமே அன்றித் தானே உரையாடல் ஆகிவிடாது.

மொழிபெயர்ப்பாளர் இங்குச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இருவரையும் ஒரே அளவையால் பெயரிடல் வேண்டும். பயிற்சியால் ஒருவரையும் காலத்தால் மற்றவரையும் சுட்டாது, தொழிலால் ‘வார்லி ஓவியர்’, ‘நிலக்கலைஞர்’ எனலாம். வரைதலையும் பொறித்தலையும் ‘எழுது’ என்னும் ஒரே வினையால் சுட்டியது தமிழ். மிதிலைப் பெண்களும் தம் சுவரோவியத்தை ‘எழுத்து’ என்றே வழங்குவர். எழுதுவோரைக் கல்லாதவர் எனச் சுட்டும் சொல்லைத் தமிழ் இரவல் வாங்கத் தேவையில்லை.