பல கை சமைத்த ஊர்

பல எழுத்தாளர்கள் ஒரே கற்பனை உலகில் கதை எழுதுவதென்றால் முதலில் ஒரு சட்டநூல் வேண்டும், அதைக் காவல் காக்க ஒரு தலைமை வேண்டும், ஒரு கதையின் தகவல்கூட இன்னொன்றோடு முரண்படக் கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். சினிமா ‘யூனிவர்ஸ்’ பழக்கிவிட்ட பேச்சு இது. இந்த வகை எழுத்து ஆங்கிலத்தில் வளர்ந்த கதையே இதற்கு எதிர்சாட்சி.

தொடக்கம் தெரிந்ததுதான். திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டும் எழுத்தாள நண்பர்களும் ஒருவர் தெய்வத்தை மற்றவர் கடன் வாங்கினார்கள். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் படைத்த சத்தோகுவா என்ற தேரை உருவத் தெய்வம், ஸ்மித்தின் சொந்தக் கதை அச்சேறும் முன்பே, 1931 ஆகஸ்டில் லவ்கிராஃப்டின் கதையில் தலைகாட்டிவிட்டது. 1935-இல் இளைஞர் ராபர்ட் பிளாக், லவ்கிராஃப்டின் சாயல்கொண்ட ஒருவரைத் தன் கதையில் கொன்றார். அதற்கு எழுத்திலேயே அனுமதி தந்திருந்த லவ்கிராஃப்ட், ராபர்ட் பிளேக் என்றொரு எழுத்தாளனைத் தன் கதையில் சாகடித்துக் கணக்கைத் தீர்த்தார். அவர்களுக்குள் சட்டநூல் இருக்கவில்லை, கடிதங்களே இருந்தன.

1937-இல் லவ்கிராஃப்ட் மறைந்தபின் எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லெத் பொறுப்பேற்றார். அந்தக் கதைகளை நூலாக்கிக் காப்பாற்றிய நன்றி அவருக்கு உண்டு. ஆனால் மனிதனைப் பொருட்படுத்தவே செய்யாத அந்தத் தெய்வங்களை நன்மை தீமைப் போருக்கு இழுத்துவந்து, நிலம், நீர், காற்று, நெருப்பு என்று இனம்பிரித்து அடுக்கினார். அடுக்கிய பிறகு அவற்றிடம் யாருக்கும் பயமில்லை.

என் மனம் தங்குவது 1979-இல். அதற்கு முந்தைய ஆண்டு, பாஸ்டன் பக்கம் நடந்த பாஸ்கோன் என்ற அறிவியல் புனைவு மாநாட்டையொட்டிய ஓர் இரவுச் சாப்பாட்டில் எழுத்தாளர் ராபர்ட் ஆஸ்பிரின் தன் ஆதங்கத்தைச் சொன்னார்: மிகுபுனைவு எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் ஊரையும் மதத்தையும் வரலாற்றையும் வெறுந்தரையிலிருந்து எழுப்ப வேண்டியிருக்கிறதே! அந்தப் பேச்சில் முளைத்து 1979-இல் வெளிவந்ததுதான் ‘தீவ்ஸ் வேர்ல்ட்’ தொகுப்பு. பேரரசு ஒன்று பிடித்துவைத்திருக்கும், வணிகப் பாதை கைவிட்டுப்போன சாங்சுவரி என்ற சீரழிந்த ஊர். எட்டுக் கதைகள், எட்டு எழுத்தாளர்கள். அடுத்தவர் பாத்திரத்தை யாரும் எடுத்தாளலாம். கொல்லக் கூடாது, கண்ணுக்குத் தெரியும்படி திருத்திவிடவும் கூடாது.

முரண்பாடுகளுக்கு ஆஸ்பிரின் தந்த விளக்கம் அற்புதமானது. ஒவ்வொரு கதையும் ஒவ்வொருவர் கண்ணில் விழுந்தது, ஊர்க்காரர்களோ பொய்யர்கள், ஆகவே ஒத்துப்போகாததெல்லாம் பிழையல்ல என்றார். அந்த ஊரின் வல்கர் யூனிகார்ன் மதுக்கடையில் காதில் விழும் எந்த வதந்தியையும் நாம் பாதிதான் நம்புகிறோம். ஊர் என்றாலே அப்படித்தானே?

ஜான் பிரன்னர் படைத்த மந்திரவாதி ஏனாஸ் யோர்லைப் பாருங்கள். சாபத்தால் அவனுடைய உருவம் ஓயாமல் மாறிக்கொண்டேயிருக்கிறது. எப்போது என்னவாவான் என்பது அவன் கையில் இல்லை. பல கை எழுதும் உலகத்துக்கு இவனைவிடப் பொருத்தமான பாத்திரம் உண்டா? யார் எப்படி வர்ணித்தாலும் அவன் யோர்ல்தான். உருவம் தன் வசமில்லாத அந்தத் துயரம் எந்த வர்ணனையிலும் தேய்வதில்லை.

சரிவு சீக்கிரமே வந்தது. இரண்டாம் தொகுதியில் ஜேனட் மோரிஸ் கொண்டுவந்த டெம்பஸ், சாகாவரம் பெற்ற போர்வீரன். அவன் நுழைந்தபின் முதல் தொகுதியின் திருடனும் குறிசொல்பவளும் ஓரம்கட்டப்பட்டார்கள். தெய்வங்களும் படைகளும் தெருவை அடைத்துக்கொண்டன. 1986-இல் வந்த ‘சோல் ஆஃப் த சிட்டி’ முழுவதும் லின் ஆபி, சி. ஜே. செரி, ஜேனட் மோரிஸ் என்ற மூவரின் கைவேலை. மூவரும் தேர்ந்தவர்கள், முன்னைவிட நிகழ்ச்சிகள் கச்சிதமாகக் கோத்துக்கொள்கின்றன. ஆனால் அதில் ஊர் இல்லை, போர் மட்டுமே இருக்கிறது. 1989-இல் பன்னிரண்டாம் தொகுதியோடு அந்த வரிசை நின்றது. ‘லியாவெக்’ தொகுப்பு வரிசையும், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொகுத்த ‘வைல்ட் கார்ட்ஸ்’ வரிசையும் இந்தக் கிளையில் பூத்தவைதான். பின்னதன் ஒழுங்கை மதிக்கிறேன். அங்கே குடியிருக்க மனம் வரவில்லை.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் உலகத்தைக் கட்ட உட்கார்ந்தால், காலவரிசைப் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். முதலில் ஒரு தெருவையும் ஒரு மதுக்கடையையும் எழுதி, சாவியை அடுத்தவரிடம் கொடுங்கள்.