ரீலோடு என்னும் நளினம்

டெபியன் லினக்ஸில் என்ஜின்எக்ஸை நிறுவுவது ஒற்றைக் கட்டளையில் முடிந்துவிடும் அற்ப காரியம். அதில் ரசிக்க அதிகமில்லை. ஆனால், ருஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-இல் உலகுக்கு அளித்த இந்த சர்வரின் அமைப்புக் கோப்பைத் திருத்தி, 'ரீலோடு' என்று ஆக்ஞையிட்டதும், தலைமைப் பிராசஸ் முதலில் அக்கோப்பைப் பரீட்சித்து, அரைப்புள்ளி விடுபட்டது போன்ற பிழை கண்டால் அதை நிராகரித்துப் பழைய ஏற்பாட்டையே தொடர்வதும், பிழையில்லையெனில் புதிய ஊழியர்களை (வொர்க்கர் பிராசஸ்களை) நியமிக்க, பழைய ஊழியர்கள் புது விருந்தினரை, அதாவது புதிய இணைப்புகளை, ஏற்காமல், பந்தியில் ஏற்கெனவே அமர்ந்தவர்களுக்கு மட்டும் பரிமாறி முடித்து விடைபெறுவதும் எத்தனை நேர்த்தி! (இதை அறிந்தும் 'ரீஸ்டார்ட்' என்றே தட்டும் நிர்வாகிகள் உண்டு, அவசர புத்தி, வேறென்ன?) எனினும், ரீலோடுக்கு முன் 'என்ஜின்எக்ஸ் -டி' (nginx -t) என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், பிழை எந்தக் கோப்பில், எந்த வரியருகே என்பதை அது சொல்லிவிடும்.