பாறையும் ஈரக்காற்றும்: நிலக்காட்சி ஓவியத்தில் ஆழம்

கிராமத்து நிலக்காட்சியைத் தீட்டுபவர் தொலைவில் தொடங்கி அருகே வருவார்: முதலில் வானம், அடுத்து தூரத்து மலை, பிறகு மரக்கூட்டம், கடைசியாகக் காலடிப் புல். ஹைதராபாத்திலும் இலங்கையிலும் வரிசை இதுதான். ஆழத்தை வரவழைக்கும் வழி மட்டும் வேறுபடுகிறது. அதற்குக் காரணம் காற்று.

காற்றின் ஈரமும் தூசும் ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவு நீலம் பாய்ந்து வெளிறும். கண்டியைச் சுற்றிய மலைகளில் இது கண்ணெதிரே நடக்கிறது. நீர்வண்ணத்தில் மிக மெல்லிய நீலச்சாம்பலால் கடைசி மலைத்தொடரை இழுத்து, நன்றாக உலரவிட்டு, சற்று அடர்ந்த அதே நிறத்தில் அடுத்ததைப் போடுவார்கள். ஈரம் காயுமுன் அடிவிளிம்பைச் சுத்தமான தண்ணீர் தொட்ட தூரிகையால் தடவினால் மலையடி பனிக்குள் கரைந்துவிடும். மூன்று அடுக்கு போதும். நான்காவது பெரும்பாலும் படத்தைக் கெடுக்கும்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைப் பனைமரங்கள் செய்கின்றன. முன்னே வடலி, பின்னே சிறுத்துக்கொண்டே போகும் பனைகள், இடையில் குறுகி ஓடும் வயல் வரம்பு. அங்கே 1938இல் எஸ்.ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஓவியக் கழகம் ஓவிய ஆசிரியர்களுக்குப் பயிற்சிக்களமானது. இலங்கையின் நவீன ஓவியர் அமைப்பான '43 குழு'வின் ஐவன் பீரிஸோ இங்கிலாந்தில் வாழ்ந்தபடி, நினைவிலிருந்த தெஹிவளைக் கடற்கரையை மணல், கடல், வானம் என்று கிடைப்பட்டைகளாகவே தீட்டினார்.

ஹைதராபாத்தின் கோடையில் நீலம் இந்த அளவுக்குக் கைகொடுக்காது. உலர்ந்த காற்றில் தூரத்துக் கருங்கல் குன்றும் கூர்மையாகத் தெரியும். எனவே ஒன்றையொன்று மறைக்கும் பாறைகளும் அவற்றின் நிழலுமே ஆழம் தர வேண்டும். முதலில் காவி கலந்த மெல்லிய பூச்சு. அதன்மேல் ஊதா சாய்ந்த நிழல். உலர்ந்தபின், மழைநீர் வழிந்து கறுத்த கோடுகள். இரு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு விட்டு, அதன் வழியே வெளிறிய வானம் காட்டினால் குன்றுக்கு முதுகு வந்துவிடும். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்ற கொண்டபல்லி சேஷகிரி ராவ் (1924–2012) தெலங்கானாவின் இந்தப் பாறைகளை உயிருள்ளவையாகப் பார்த்தவர்.

சித்திப்பேட்டையின் காப்பு ராஜய்யா (1925–2012) எதிர்த்திசையில் போனார். தெலங்கானாவின் செரியால் சுருள் ஓவியங்களில் பின்னணி முழுவதும் தட்டையான சிவப்பு, தொலைவுக்கே இடமில்லை. அந்த நாட்டார் மரபை உள்வாங்கிய அவரது டெம்பராவில் அழுத்தமான கோடும் தட்டை நிறமும் கிராமத்தைக் கண்ணுக்கு மிக அருகே நிறுத்துகின்றன. ஆழமின்மை அங்கே குறையன்று, நெருக்கம்.

தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் தக்காணத்துக் காற்றும் ஈரமாகிறது. பாறையின் நனைந்த பக்கம் கருக்க, பின்னுள்ள குன்று வெளிறிப் பின்வாங்குகிறது. அந்த மாதங்களில் ஹைதராபாத் ஓவியரின் கிண்ணத்திலும் நீலச்சாம்பல் கரைகிறது.