எந்த ஓலை கிழிந்தது?

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நமக்குத் தெரிந்ததுதான். பெரியபுராணப் பிரதியில் சுந்தரர் கிழிப்பது படியோலை; பாட்டன் எழுதிய மூல ஓலையைக் காட்டிச் சிவன் ஜெயிக்கிறார். அருள் அங்கே அடிமைச் சாசனமாக வருகிறது. கிறித்தவ மீட்பை இதற்கு எதிர்முனையில் வைத்து வாசிக்கிறேன். கொலோசெயர் நிருபத்தில் நமக்கெதிரான கடன்பத்திரமே சிலுவையில் அறையப்படுகிறது. மனுசன் தன் பங்குக்கு எந்தத் தகுதியும் காட்ட வேண்டியதில்லை. (பவுலும் தன்னைக் கிறிஸ்துவின் அடிமை என்கிறார்.)

சரி, சாதி எழுதிய ஓலை? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகளைத் தாக்கியவர்கள் அதே ஞானஸ்நானம் வாங்கிய வன்னியக் கிறித்தவர்கள். போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். ‘இலவசமாய் வந்த கிருபை’ என்று எழுதும் இறையியல்காரர்களிடம் கேட்கிறேன்: சபை இதுவரை கிழித்தது மூல ஓலையையா, படியோலையையா?