மண் சுமந்தவர் இல்லாத ஏரி: எட்மண்ட் பர்க்கை வாசித்தல்

பழமைவாத அரசியல் சிந்தனைக்கு மூலவர் என்று எட்மண்ட் பர்க்கைக் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிராக 1790இல் அவர் எழுதிய நூலைத்தான் எல்லாரும் பேசுவார்கள். நாம் அதற்கு ஐந்து வருஷம் முந்திய உரையிலிருந்து தொடங்கலாம். அதில் நம்ம ஏரி இருக்கிறது.

1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பர்க் பேசினார். கர்நாடகப் பகுதியிலும் தஞ்சாவூரிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்று கணக்குச் சொன்னார். கம்பெனிக்காரர்களின் கொள்ளையை வெளுத்து வாங்கினார். அது நியாயமான கோபம்தான். ஏரிகளை விட்டுச்சென்ற பழைய அரசர்களையோ, பின்வரும் தலைமுறையை நினைத்த தகப்பன்கள் என்று போற்றினார்.

சரி, மண்ணைச் சுமந்தது யாரு? மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணி பாய்ச்சிய நீர்க்கட்டி யாரு? வட தமிழ்நாட்டில் அந்த வேலை பெரும்பாலும் பறையர் தலையில்தான் இருந்தது. ஊருக்கே தண்ணி விட்டவன், ஊர்க் குளத்தில் குடம் வைக்கக்கூடாது. பர்க்கின் பிரதியில் இந்த ஆள் கிடையாது.

1790 நூலில் இதே பார்வை கோட்பாடாகிறது. செத்தவர், இருப்பவர், இனிப் பிறப்பவர் எல்லாருக்குமான கூட்டுதான் சமூகமாம். நெடுங்கால அனுபவமே உரிமையாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. நம்ம முப்பாட்டனுக்கு அந்தக் கூட்டில் என்ன பங்கு? தாமஸ் பெய்ன் 1791லேயே மறுப்பு எழுதினார்: செத்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்களைக் கட்டிப்போடும் அதிகாரம் இல்லை என்றார். அது அரசனை நோக்கிய மறுப்பு. இங்கே மரபுக்குக் காவல் நிற்பவன் அடுத்த தெருக்காரன்.

அவனை நேருக்கு நேர் கேட்டது மகாட். 1927 மார்ச் 20இல் அம்பேத்கரும் அவரோடு வந்தவர்களும் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு சாணியும் கோமியமும் கலந்து குளத்தைச் 'சுத்தி' செய்தார்கள். (தீட்டு எதில் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) டிசம்பரில் மறுபடி கூடியபோது, அந்த மாநாட்டை அம்பேத்கர் 1789இல் வெர்சாயில் கூடிய மன்றத்தோடு ஒப்பிட்டார். பர்க்கை மிரளவைத்த அதே மன்றம்!

அதற்காக அம்பேத்கர் பர்க்கைத் தூக்கி எறிந்துவிடவில்லை. 1936இல், லாகூரில் பேசமுடியாமல் போன 'சாதி ஒழிப்பு' உரையில், உண்மையான சமயமே சமூகத்துக்கு அடித்தளம் என்ற பர்க்கின் கருத்தை ஒப்புக்கொண்டு எடுத்தாள்கிறார். அதை வைத்தே, சாஸ்திர விதிகளாலான மதம் போகணும், கொள்கைகளாலான மதம் வரணும் என்கிறார். எதிரியின் மண்வெட்டியால் எதிரியின் கரையை வெட்டுகிற வேலை இது.

குளத்து வழக்கு பத்து வருஷம் இழுத்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்பது சாதி இந்துக்களின் வாதம். 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம்ம பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதனால்? விலக்கிவைக்கும் அந்த வழக்கம் நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து நடப்பதாக அவர்கள் நிரூபிக்கவில்லை என்பதால். நிரூபித்திருந்தால்? அரசியல் சட்டம் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதவேண்டி வந்தது. அங்கே வழக்கத்தின் வயதை யாரும் கேட்கவில்லை.