பட்டி போல்டனின் கார்னெட்

ஜாஸ் என்றால் வெறும் சத்தம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கீதத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. கதை எழுதுகிறவன், காது மட்டும் உண்டு. அந்தக் காதைத் திருத்தியது 1928ல் பதிவான ஓர் இசைத்தட்டு: லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'.

ஆரம்பத்தில் பக்கவாத்தியம் இல்லை. ட்ரம்பெட் தனியாகக் கிளம்பி, உச்சிக்கு ஏறி, சுழன்று சுழன்று இறங்குகிறது. பதினைந்து விநாடிகூட இராது. அப்புறந்தான் மற்றவர்கள் சேருகிறார்கள். நடுவில் கிளாரினெட் ஏதோ சொல்ல, ஆம்ஸ்ட்ராங் வார்த்தையே இல்லாமல் வாய்விட்டுப் பாடிப் பதில் சொல்கிறார். ஏர்ல் ஹைன்ஸின் பியானோ வந்து போகிறது. முடிவை நெருங்கும்போது ட்ரம்பெட் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நாலு ஆவர்த்தனம் விடாமல் நிற்கிறது. அது துக்கமா, பெருமிதமா? எனக்கு இரண்டும் கேட்கிறது.

ராக ஆலாபனை கேட்டுப் பழகியவர்கள், "நம்முடைய மனோதர்மந்தானே இது!" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. நம் கச்சேரியில் வித்வான் முன்னே போவார், பக்கவாத்தியம் பின்னே வரும். நியூ ஆர்லியன்ஸின் பழைய ஜாஸில் கார்னெட் மெட்டைப் பிடிக்கும். அதே சமயம் கிளாரினெட் மேலே பின்னிக்கொண்டு போகும். ட்ராம்போன் கீழேயிருந்து தாங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுகிறது. ரயிலில்கூடக் கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி என்று 1890ல் சட்டம் போட்ட லூயிசியானாவில் இந்தச் சங்கீதம் பிறந்தது என்பதை மறந்துவிட்டு இதை ரசிக்க என்னால் முடியவில்லை.

அந்த ஊரில் 1900ஐ ஒட்டிப் பட்டி போல்டன் என்ற கறுப்பர் கார்னெட் ஊதினார். ஜாஸின் மூலபுருஷர் என்று அவரைப் பலர் சொல்கிறார்கள். 1907ல் சித்தம் கலங்கி மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டவர், 1931ல் அங்கேயே இறந்தார். அவர் ஊதியதில் ஒரு விநாடிகூட நமக்குக் கிடைக்கவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று பெயர் பெற்றது 1917ல் வெளிவந்தது; வாசித்தவர்கள் ஐந்து வெள்ளைக்காரர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சரித்திரத்தை அந்தத் தட்டிலிருந்து தொடங்குகிறவர்கள்மேல் உண்டு.

எழுத்தாளன் செத்தால் கையெழுத்துப் பிரதியாவது மிஞ்சும். அந்தந்த நேரத்தில் பிறந்து அந்தந்த நேரத்திலேயே கரைந்துபோகிற கலைக்கு அதுவும் இல்லை. அதே நியூ ஆர்லியன்ஸில் 1901ல் பிறந்த ஆம்ஸ்ட்ராங்குக்குத் தட்டு கிடைத்தது. நமக்கு அவர் கிடைத்தார். மேதை என்று அவரைக் கொண்டாடுவோம், தப்பில்லை. தட்டு கிடைக்காதவர்களும் மேதைகளாக இருந்திருக்கலாம் என்பதை மட்டும் கூடவே ஞாபகம் வைத்துக்கொள்வோம்.