சிவப்புச் சீனி கேக், நாட்டுச்சர்க்கரை கேக்

இலங்கையின் மொனராகலை மாவட்டத்தில் பெல்வத்தை, செவனகல ஆலைகளிலிருந்து வருவது சிவப்புச் சீனி. ஈரோட்டுக் கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக்கொட்டகைகளில் காய்ச்சுவது நாட்டுச்சர்க்கரை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சரக்கு. இரண்டும் கரும்புதான், இரண்டும் பழுப்புதான். ஆனால் ஒன்றுக்கு எழுதிய கேக் குறிப்பில் மற்றதைப் போட்டால் கேக் காலை வாரிவிடும்.

ஆலையில் பாகு மணி கட்டியதும் இயந்திரத்தில் சுழற்றிக் கழிவுப்பாகைப் பிரித்துவிடுகிறார்கள். மணிமேல் கொஞ்சம் ஒட்டி நிற்பதுதான் அந்தச் சிவப்பு. கொட்டகையில் சுழற்றும் வேலையே இல்லை. கொப்பரையில் சுண்டிய பாகை இறக்கி, ஆற ஆறத் தேய்த்துத் தூளாக்குகிறார்கள். கழிவுப்பாகு முழுதும் உள்ளேயே தங்கிவிடும், ஈரமும் கூடவே.

இலங்கை வீடுகளில் பட்டரையும் சீனியையும் அடிப்பதில்தான் கேக் வேலை தொடங்கும். சீனி மணியின் கூர்முனைகள் பட்டருக்குள் காற்றை ஏற்றுகின்றன. சிவப்புச் சீனியும் மணிதான் என்பதால் பேரீச்சம்பழக் கேக்குக்கு அப்படியே அடிக்கலாம். பெருமணியாக இருந்தால் மிக்சியில் ஒரு சுற்று. நாட்டுச்சர்க்கரையோ வெண்ணெயில் குழையுமே தவிர, அவ்வளவாகக் காற்றுப் பிடிக்காது. தமிழ்நாட்டில் அதற்குப் பொருந்தி வந்தது முட்டையில்லாத கோதுமை கேக். எண்ணெய், தயிர், சமையல் சோடா. உப்பவைப்பது சோடாவின் பொறுப்பு. நாட்டுச்சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்றால் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே பால் சேர்க்கவேண்டும். சூட்டோடு சேர்த்தால் பால் திரிந்துபோகும்; பாயசம் வைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. (பளிச்சென்று மஞ்சளடிக்கும் வெல்லத்தை வாங்காதீர்கள், பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்ததாக இருக்கும்.) இந்த கேக் சீக்கிரம் கருகும், அவன் சூட்டைப் 10 டிகிரி குறைத்து வையுங்கள். ஆனால் மறுநாளும் வறளாது.

அடர்ந்த வெல்லச் சுவை இலங்கையில் வேண்டாமா என்றால், அதற்கு வட்டிலப்பம் இருக்கிறது. அங்கே அந்த வேலையைக் கித்துள் கருப்பட்டி பார்த்துக்கொள்கிறது. அது பனைக் குடும்பம், கரும்பல்ல.

சுவையில் என் ஓட்டு நாட்டுச்சர்க்கரைக்கு. ஆனால் ‘சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்’ என்று அந்த கேக்கை விற்கும் கடையை நம்பாதீர்கள். நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான்.